சந்தாப் பட்டியலும் லைக் எண்ணிக்கையும்

விற்பனை என்ற சொல் காதில் விழுந்ததும் நம் இலக்கிய நண்பர்களின் முகம் சற்றுச் சுளிக்கும். 'சந்தைப்படுத்தல்' என்றால் இன்னும் மோசம். ஏதோ கருவறைக்குள் செருப்புக் காலோடு யாரோ நுழைந்துவிட்டதைப் போன்ற பதற்றம். ஆனால் மார்கழி பிறந்துவிட்டால் இதே நண்பர்கள்தாம், சென்னைப் புத்தகக் காட்சிக்கு வரவிருக்கும் தம் நூலின் அட்டைப்படத்தை நாளுக்கு மூன்று முறை பேஸ்புக்கில் ஏற்றுகிறார்கள். முகம் சுளிப்பதிலும் தவறில்லை, அட்டைப்படம் ஏற்றுவதிலும் தவறில்லை. ஒன்றைச் செய்துகொண்டே அதைச் செய்யவில்லை என்று நம்மை நாமே நம்பவைத்துக்கொள்வதில்தான் சிக்கல். யோசிக்காமல் செய்யும் காரியம் பெரும்பாலும் மோசமாகவே செய்யப்படுகிறது.

சமூக ஊடகத்தை ஒரு வணிகம் எப்படிப் பயன்படுத்தினால் பலன் கிடைக்கும் என்ற கேள்வியை மேலாண்மை மாணவர்களுக்கும் விளம்பர நிறுவனங்களுக்கும் விட்டுவிடுவது நமக்கு வழக்கம். அந்தக் கேள்வியை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. காரணம் எளிது. தமிழில் ஆகச் சிறிய வணிகம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், இலக்கியப் பதிப்பகத்தைச் சொல்லலாம். ஆயிரம் பிரதி அச்சிட்ட இடத்தில் இன்று முந்நூறு, நூறு, சில சமயம் முப்பது என்று தேவைக்கேற்ப அச்சிடும் தொழில் இது. இதில் விளம்பரம் தவறினால் இழப்பைத் தாங்கும் முதுகு யாருக்கும் இல்லை. ஊறுகாய் விற்பவருக்கும் கைத்தறிப் புடவை விற்பவருக்கும் நிலைமை ஏறக்குறைய இதுதான். ஆகவே புத்தகத்தை முன்வைத்தே பேசுகிறேன். மற்றவர்கள் தங்கள் சரக்கின் பெயரை அந்த இடத்தில் இட்டுக்கொள்ளலாம்.

சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமூக ஊடகத்தில் நாம் சேர்க்கும் கூட்டம் நம்முடையதன்று. அது வாடகைக்கு எடுத்தது. அந்தக் கூட்டத்திலிருந்து நாம் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய சில நூறு பேரைப் பிரித்தெடுத்து, நம் கைவசமுள்ள ஒரு பட்டியலில் வைத்துக்கொள்வதுதான் சிறு வணிகத்துக்குப் பலன் தரும் ஒரே உத்தி. மற்றவையெல்லாம் இதற்குத் துணை. இந்த உத்தியை நாம் வெளியிலிருந்து கற்க வேண்டியதில்லை. நம் சிற்றிதழ்காரர்கள் இதைத்தான் செய்தார்கள்.

*

கொஞ்சம் பின்னால் போகலாம். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் அச்சில் கொண்டுவந்தார். அதற்கான பணம் எங்கிருந்து வந்தது? நூல் வெளிவருவதற்கு முன்பே, வாங்கிக்கொள்கிறோம் அல்லது உதவுகிறோம் என்று ஒப்புக்கொண்டவர்களிடம் கையொப்பம் வாங்கினார். 'என் சரித்திரம்' படித்தவர்களுக்கு அந்த அலைச்சல் நினைவிருக்கும். இன்று 'முன்வெளியீட்டுத் திட்டம்' என்ற பெயரில் பதிப்பகங்கள் அறிவிப்பதும் அதுவேதான். அன்று கையொப்பமிட்ட ஒவ்வொருவரையும் ஐயருக்குத் தெரியும். எந்த ஊர், என்ன உத்தியோகம், யார் மூலம் அறிமுகம் என்பது வரை தெரியும். இன்று ஒரு பதிவுக்கு இதயக்குறி இட்ட நானூறு பேரில் எத்தனை பேரை நமக்குத் தெரியும்?

அடுத்து எஸ்.எஸ். வாசன். 1928இல் ஆனந்த விகடனை வாங்கியவர், விளம்பரத் தொழிலின் நெளிவுசுளிவுகளை அறிந்தே பத்திரிகைக்குள் வந்தவர். முப்பதுகளில் அவர் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டிகள் பத்திரிகையின் விற்பனையை எங்கோ கொண்டுபோயின. பரிசுப் பணத்துக்காகப் பத்திரிகை வாங்க வைப்பது சரியா என்று அன்றே விமர்சனமும் எழுந்தது. 'லைக் செய்யுங்கள், மூன்று நண்பர்களைச் சேருங்கள், பரிசு வெல்லுங்கள்' என்று இன்று இன்ஸ்டாகிராமில் நடப்பவற்றின் பாட்டனார் அந்தப் போட்டிதான். ஆனால் வாசனைப் பார்த்துக் காப்பி அடிக்க நினைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். போட்டி ஆட்களை வாசல்வரை இழுத்து வந்தது. உள்ளே உட்கார வைத்தது எழுத்து. கல்கி இருந்தார், பின்னர் தேவன் இருந்தார். போட்டிகள் ஓய்ந்த பிறகும் வாசகர் தங்கியதற்கு அதுதான் காரணம்.

மூன்றாவது ஆள் சி.சு. செல்லப்பா. 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். 1970 வரை நடத்தினார். புத்தக மூட்டையைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். அவரிடம் இருந்தது சில நூறு சந்தாதாரர்களின் பட்டியல். ந. பிச்சமூர்த்தியும் பசுவய்யாவும் தருமு சிவராமும் எழுதிய அந்த இதழ், தமிழ்க் கவிதையின் போக்கைத் திருப்பியது. சில நூறு பேரை வைத்துக்கொண்டு ஒரு மொழியின் கவிதையைத் திருப்ப முடியும் என்றால், சில நூறு பேரை வைத்துக்கொண்டு ஒரு பதிப்பகத்தை நடத்த முடியாதா என்ன?

முடியவில்லையே, செல்லப்பா கடைசிவரை கஷ்டப்படத்தானே செய்தார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

*

முதலில் இந்த ஊடகங்கள் எப்படி இயங்குகின்றன என்பதைப் பார்த்துவிடுவோம். பேஸ்புக் 2004இல் தோன்றியது. 2006இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. 2007இல் வணிக நிறுவனங்களுக்கான பக்கங்கள் வந்தன. 'உங்கள் வாடிக்கையாளர்களை இங்கே சேருங்கள், அவர்களோடு இலவசமாகப் பேசுங்கள்' என்பதுதான் அன்றைய அழைப்பு. எல்லோரும் சேர்த்தார்கள். செலவு செய்து விளம்பரம் கொடுத்து, 'எங்கள் பக்கத்தை விரும்புங்கள்' என்று கெஞ்சிச் சேர்த்தார்கள்.

சேர்த்து முடித்ததும் கதவு மெல்லச் சாத்தப்பட்டது. ஒரு பக்கம் இடும் பதிவு, அதைப் பின்தொடர்பவர்களில் சராசரியாக 16 விழுக்காட்டினரையே சென்றடைகிறது என்று 2012இல் அந்நிறுவனமே சொன்னது. வெறுமனே 'வாங்குங்கள்' என்று சொல்லும் பதிவுகளை 2015 ஜனவரி முதல் குறைத்தே காட்டப்போகிறோம் என்று 2014 நவம்பரில் அறிவித்தது. நண்பர்களும் குடும்பத்தினரும் உரையாடும் பதிவுகளுக்கே முன்னுரிமை, நிறுவனங்களின் பதிவுகளுக்கு இடம் குறையும் என்று 2018 ஜனவரியில் மார்க் சக்கர்பர்க் எழுதினார். அதாவது, ஐயாயிரம் பேர் பின்தொடரும் பதிப்பகம் ஒன்று புது நூலை அறிவித்தால், ஐயாயிரம் பேருக்கும் அது தெரியும் என்று நம்புவதற்கு எந்த முகாந்திரமும் இல்லை. தெரிய வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும். நாமே அழைத்து வந்த ஆட்களோடு பேச நாமே கட்டணம் செலுத்த வேண்டும்.

இதைச் சதி என்று சொல்ல மாட்டேன். அவர்களுடைய தொழில் அதுதான். மெட்டா நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வருமானம் சுமார் 13,490 கோடி டாலர். அதில் ஏறக்குறைய 98 விழுக்காடு விளம்பரத்திலிருந்து வந்தது. விளம்பரம் விற்று வாழும் ஒருவர் விளம்பரத்தை ஏன் இலவசமாகக் கொடுக்கப்போகிறார்? சந்தையில் இடம் பிடிக்கக் குத்தகைப் பணம் கட்டுவதைப் போலத்தான் இதுவும். குத்தகைக்காரர் மீது கோபப்பட ஒன்றுமில்லை. சந்தைத் திடலைச் சொந்த நிலம் என்று நினைத்து அதில் கிணறு வெட்டுபவர்களைப் பார்த்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

திடலே காணாமற்போவதும் உண்டு. ஆர்க்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. 2020 ஜூன் இறுதியில் இந்தியாவில் டிக்டாக் ஒரே இரவில் தடைசெய்யப்பட்டபோது, சிற்றூர்களில் அதை நம்பிச் சிறு தொழில் செய்துவந்தவர்களின் வாடிக்கையாளர் கூட்டம் முழுதும் மறுநாள் காலையில் இல்லாமற்போனது. 2021 அக்டோபர் 4ஆம் தேதி பேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சேர்ந்தாற்போல் ஆறு மணி நேரம் முடங்கின. அன்று கடையைத் திறக்க முடியாதவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். மூன்றும் ஒரே முதலாளியுடையவை என்பது பலருக்கு அன்றுதான் உறைத்தது.

*

இனி எண்ணிக்கைக்கு வருவோம். நாம் ஏமாறுவது அங்கேதான்.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுகிறேன். நூலின் விலை 250 ரூபாய். அச்சுக்கூலி 100, பொதிந்து அனுப்ப 40. நேரடியாக விற்றால் பிரதிக்கு 110 ரூபாய் மிஞ்சும். 2,000 ரூபாய் செலவழித்து ஒரு பதிவை விளம்பரமாக ஓட்டுகிறார் பதிப்பாளர். இருபதாயிரம் பேர் கண்ணில் படுகிறது. அறுநூறு லைக் விழுகிறது. எட்டுப் பேர் நூலை வாங்குகிறார்கள். மிஞ்சுவது 880 ரூபாய், நட்டம் 1,120. அறுநூறு லைக்கைப் பார்த்துப் பதிப்பாளர் மகிழ்கிறார். எழுத்தாளர் அதைவிட மகிழ்கிறார். மாத முடிவில் அச்சகத்துக்குப் பாக்கி நிற்கிறது.

இதே கணக்கை இன்னொரு விதமாகத் தொடரலாம். அந்த எட்டுப் பேரின் பெயரையும் முகவரியையும் பதிப்பாளர் குறித்துவைக்கிறார். நூல் கிடைத்ததா என்று ஒரு வாரம் கழித்து விசாரிக்கிறார். இரண்டு மாதம் கழித்து, அவர்கள் ரசிக்கக்கூடிய இன்னொரு நூலைப் பற்றி நான்கு வரி எழுதி அனுப்புகிறார். எட்டில் ஐந்து பேர் ஆண்டுக்குள் ஆளுக்கு மூன்று நூல்கள் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து பிரதி, 1,650 ரூபாய். முதலில் கிடைத்த 880ஐயும் சேர்த்தால் 2,530. இப்போது விளம்பரச் செலவு மீண்டுவிட்டது; 530 ரூபாய் கையில் நிற்கிறது. அதைவிட முக்கியம், ஐந்து வாசகர்கள் நிற்கிறார்கள்.

இரண்டு கணக்கிலும் விளம்பரம் ஒன்றுதான், ஊடகம் ஒன்றுதான், நூலும் ஒன்றுதான். வித்தியாசம் ஒரு நோட்டுப் புத்தகம். முதல் விற்பனையோடு உறவு முடிந்துவிடும் என்றால் சமூக ஊடக விளம்பரம் சிறு வணிகருக்குக் கட்டுப்படியாகாது. உறவு தொடர்ந்தால்தான் கட்டுப்படியாகும். பெரிய நிறுவனங்கள் இதை நன்றாக அறிந்திருக்கின்றன. இணைய அங்காடிகள் நம் நூலை விற்றுக் கொடுக்கும்போது, வாங்கியவரின் பெயரையும் தொடர்பையும் நம்மிடம் தருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? கழிவுத்தொகையைவிட மதிப்பு மிக்க பொருள் அதுதான் என்று அவர்களுக்குத் தெரியும்.

கெவின் கெல்லி என்ற அமெரிக்கர் 2008இல் ஒரு கட்டுரை எழுதினார். எதைப் படைத்தாலும் தேடி வந்து வாங்கக்கூடிய ஆயிரம் உண்மையான ரசிகர்கள் இருந்தால் ஒரு கலைஞர் தம் கலையைக்கொண்டே பிழைத்துவிடலாம் என்பது அதன் சாரம். உலகெங்கும் அது பேசப்பட்டது. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் சிற்றிதழ்களின் பின்னட்டையில் 'ஆண்டுச் சந்தா, ஆயுள் சந்தா' என்று அச்சடித்திருந்ததன் பொருள் வேறென்ன?

இப்போது செல்லப்பாவைப் பற்றிய கேள்விக்கு வரலாம். அவருடைய பட்டியல் தவறானதன்று. அந்தப் பட்டியலைத் தொடர்புகொள்ள ஆன செலவுதான் அவரை வாட்டியது. ஒவ்வொரு சந்தாதாரருக்கும் அஞ்சலட்டை எழுத வேண்டும், தபால்தலை ஒட்ட வேண்டும், வி.பி.பி. அனுப்பினால் சில திரும்பி வரும், மணியார்டருக்குக் காத்திருக்க வேண்டும், புது வாசகரைத் தேட ரயில் ஏற வேண்டும். இன்று முந்நூறு பேருக்குச் செய்தி அனுப்ப ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. 2016இல் யு.பி.ஐ. வந்தபின் பணம் வர ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. புது வாசகரைத் தேடப் பேஸ்புக்கும் யூடியூபும் இருக்கின்றன. செல்லப்பாவுக்குக் கிடைக்காத கருவிகள் எல்லாம் நமக்கு வாய்த்திருக்கின்றன. அவரிடம் இருந்த பட்டியல் மட்டும் நம்மிடம் இல்லை.

*

சரி, என்னதான் செய்ய வேண்டும் என்கிறீர்கள்? எனக்குப் புலப்பட்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, சரக்கைப் பற்றிப் பேசுங்கள். 'இதோ என் நூல், வாங்கி ஆதரியுங்கள்' என்பது நூலைப் பற்றிய பேச்சே அன்று. ஆதரவு கேட்கும் பேச்சு. ஆதரவு கேட்டால் நண்பர் ஒருமுறை தருவார், இரண்டாம் முறை ஒதுங்குவார். மாறாக, அந்த மொழிபெயர்ப்பில் ஒரு வட்டாரச் சொல்லுக்கு ஈடு தேடி அலைந்த கதையைச் சொல்லுங்கள். பழைய பதிப்போடு ஒப்பிட்டுப் பிழை திருத்தியபோது கண்ட ஒரு பாடபேதத்தைக் காட்டுங்கள். அட்டை ஓவியர் நிராகரித்த மூன்று வரைவுகளைப் போடுங்கள். நெசவாளர் என்றால் பாவு ஓட்டுவதைக் காட்டட்டும். செக்கு வைத்திருப்பவர் எள் எங்கே வாங்கினார் என்று சொல்லட்டும். முன்பின் அறியாத ஒருவர் அந்தப் பதிவைப் படித்து, எதுவும் வாங்காமலே போனாலும், ஏதோ ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அப்படிப் போகிறவர் திரும்பி வருவார்.

இரண்டாவது, ஒழுங்கு. அமுல் வெண்ணெயின் குட்டிப் பெண் 1966 முதல் நாட்டு நடப்பைக் கிண்டலடித்துக்கொண்டிருக்கிறாள். விளம்பரப் பலகையில் இருந்தவள் கைபேசித் திரைக்கு வந்தபோதும் அதே பெண், அதே குரல். மாறாக, 2013 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டத்தின் நடுவே மின்சாரம் போனபோது ஓரியோ பிஸ்கட்காரர்கள் சட்டென்று ட்விட்டரில் இட்ட ஒற்றை வரியை இன்றும் உத்தி வகுப்புகளில் பாடமாகச் சொல்கிறார்கள். அந்தச் சாமர்த்தியத்துக்குப் பின்னால், அன்றிரவு ஆயத்தமாக உட்கார்ந்திருந்த ஒரு குழுவும் 1912 முதல் விற்றுவரும் ஒரு பெயரும் இருந்ததைச் சொல்வதில்லை. காட்டுத்தீயாய்ப் பரவும் ஒரு பதிவுக்காகக் காத்திருப்பது லாட்டரிச் சீட்டு வாங்குவதைப் போல. வாரம் ஒருமுறை, சொன்ன கிழமையில், சொல்லத்தக்க ஒன்றைச் சொல்லும் பதிப்பகத்துக்கு ஓராண்டில் சேரும் மதிப்பை எந்தத் தீயும் தராது.

மூன்றாவது, பட்டியல். இதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நூல் வாங்குபவரிடம், புது நூல்கள் பற்றித் தெரிவிக்கலாமா என்று கேளுங்கள். கேட்காமல் குழுவில் சேர்த்துக் காலை வணக்கம் அனுப்பாதீர்கள். அது நாகரிகமும் இல்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலை வலியுறுத்துகிறது. சம்மதித்தவரின் பெயர், ஊர், வாங்கிய நூல், மின்னஞ்சல், கைபேசி எண் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். வணிகத்துக்கான வாட்ஸப் 2018இல் வந்தது. சிறு கடைக்கு அது நல்ல கருவிதான். அதன் ஒலிபரப்புப் பட்டியல் வழியே அனுப்பும் செய்தி, பெறுபவர் உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்திருந்தால் மட்டுமே போய்ச் சேரும் என்ற நிபந்தனையைச் சிலர் தொல்லை என்கிறார்கள். எனக்கு அது நல்ல சோதனையாகப் படுகிறது. உங்கள் எண்ணைச் சேமித்து வைக்கும் அளவுக்கு ஒருவருக்கு உங்கள் மேல் அக்கறை இருக்கிறதா என்று அது கேட்கிறது. இருந்தாலும் வாட்ஸப்பும் 2014 முதல் அதே முதலாளியின் திடல்தான். ஆகவே காகிதத்திலும் ஒரு நகல் இருக்கட்டும்.

நான்காவது, குறை சொல்பவருக்குப் பதில். டேவ் கேரல் என்ற கனடியப் பாடகரின் கிட்டார் 2008இல் யுனைட்டெட் விமானப் பயணத்தில் உடைந்தது. மாதக்கணக்கில் அலைக்கழித்து இழப்பீடு மறுத்தார்கள். 2009 ஜூலையில் அவர் அதைப் பாட்டாகப் பாடி யூடியூபில் ஏற்ற, பல லட்சம் பேர் கேட்டார்கள். நம் ஊர்ப் பதிப்பகங்களுக்கு இந்த அளவு ஆபத்து வராது. ஆனால் 'பணம் கட்டி நாற்பது நாளாயிற்று, நூல் வரவில்லை' என்ற ஒற்றைக் கருத்து, பத்து அட்டைப்படங்கள் சம்பாதித்த நல்ல பெயரை அழித்துவிடும். நானும் அப்படிக் காத்திருந்தவன்தான், பெயர் சொல்லப்போவதில்லை. நூல் தாமதமானதுகூட எனக்கு உறுத்தவில்லை. அந்த நாற்பது நாளும் அந்தப் பதிப்பகத்தின் பக்கத்தில் புதுப்புது அட்டைப்படங்கள் மலர்ந்துகொண்டே இருந்ததுதான் உறுத்தியது. விளம்பரத்துக்கு ஆள் இருக்கிறது, பதிலுக்கு ஆள் இல்லை என்றால் வாசகர் என்ன நினைப்பார்?

ஐந்தாவது, நேர்மை. காசு வாங்கிக்கொண்டோ பொருளை இலவசமாகப் பெற்றுக்கொண்டோ ஒன்றைப் பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு 2021இல் வழிமுறை வகுத்தது. அழகுச் சாதனப் பொருள்களைப் பரிந்துரைக்கும் இளம்பெண்கள்கூட இன்று 'இது விளம்பரம்' என்று குறிப்பிடுகிறார்கள். இலக்கியத்தில்? பதிப்பாளர் அனுப்பிய பிரதி, நண்பரின் நூல், தன் நூலுக்கு முன்னுரை எழுதியவரின் நூல் ஆகியவற்றைப் பற்றியெல்லாம் எழுதுபவர்கள் அந்த உறவை ஒரு வரியில் சொன்னால் என்ன குறைந்துவிடும்? சொன்னால் பாராட்டின் எடை குறையும் என்று பயப்படுகிறார்கள். சொல்லாததால்தான் நம் சூழலில் பாராட்டுக்கு எடையே இல்லாமற்போயிற்று.

*

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானது. பட்டியல் என்பது மூடிய வட்டம். அதே முந்நூறு பேர், அதே கூட்டங்கள், அதே முகங்கள். ஒருவர் நூலை மற்றவர் வாங்கி, மற்றவர் நூலை இவர் வாங்கி, கடைசியில் யாரும் வெளியிலிருந்து உள்ளே வருவதில்லை. சிற்றிதழ் உலகின் நோயே அதுதானே? சமூக ஊடகம் அந்த மதில் சுவரை இடித்தது. 2022இல் 'பொன்னியின் செல்வன்' திரைப்படம் வந்தபோது, புத்தகத்தையே தொட்டிராத இளைஞர்கள் ஐந்து பாகங்களையும் வாங்கிப் படங்களை இன்ஸ்டாகிராமில் போட்டார்கள். பட்டியலை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியுமா?

முடியாது. அதனால்தான் சமூக ஊடகத்தை விட்டு வெளியேறுங்கள் என்று நான் சொல்லவில்லை. தெருவுக்குப் போகாதவனுக்குப் புது முகம் எப்படிக் கிடைக்கும்? ஆனால் தெருவில் கூவுவதன் நோக்கம், கேட்டவரில் ஒருவரையாவது திண்ணைக்கு அழைத்து வருவது. நாம் கூவிக்கொண்டே இருக்கிறோம். திண்ணையைக் கட்ட மறந்துவிட்டோம். கல்கியின் நாவலை வாங்கிய அந்த இளைஞர்கள் அதற்கடுத்து என்ன படித்தார்கள்? அவர்களிடம் அடுத்த நூலின் பெயரைச் சொல்ல யாரிடம் அவர்களுடைய முகவரி இருந்தது? பெரும்பாலும் இணைய அங்காடிகளிடம் இருந்தது.

*

கடைசியாக, எனக்கு மெய்யாகவே கவலை தரும் ஒன்று. பதிப்பாளர்கள் இந்த வேலையைச் செய்யாததால் அது எழுத்தாளர் தலையில் விழுந்திருக்கிறது. 'உங்களுக்கு எத்தனை பேர் பின்தொடர்பவர்கள்?' என்ற கேள்வி கைப்பிரதியைப் படிப்பதற்கு முன்பே கேட்கப்படத் தொடங்கிவிட்டது. நாவல் எழுதும் ஒருவர் நாளில் இரண்டு மணி நேரத்தைத் தன்னைக் காட்சிக்கு வைப்பதில் செலவிடுகிறார். அவர் அந்த வேலையில் தேர்ந்தவருமல்லர். ஆகவே எளிதாகக் கூட்டம் சேர்க்கும் வழிக்குப் போகிறார். அந்த வழி சண்டை.

சண்டை ஏன் கூட்டம் சேர்க்கிறது என்பதற்கு இயந்திரக் காரணம் உண்டு. கருத்துகள் அதிகம் குவியும் பதிவை மேலே தூக்கிக் காட்டும்படி 2018இல் பேஸ்புக் தன் கணக்கீட்டை மாற்றியது. கோபத்தைக் கிளறும் பதிவுகளுக்கே அது உரம் போட்டது என்று அந்நிறுவனத்தின் உள்ளறிக்கைகளே சொன்னதை 2021 செப்டம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்டது. ஆக, மூத்த எழுத்தாளர் ஒருவரை ஒரு வரியில் இழித்து எழுதினால் நானூறு கருத்துகள் வரும். ஒரு நல்ல சிறுகதையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினால் நான்கு வரும். இயந்திரம் யாருக்கும் பகையில்லை, நட்பும் இல்லை. அது எண்ணுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்து, எது எழுதத்தக்கது என்ற நம் தீர்மானமே மெல்ல மாறிவிடுகிறது. சண்டை பார்க்க வந்தவர்கள் நூல் வாங்குவதில்லை என்ற வணிக உண்மையை விட்டுவிடுவோம். எழுதுகிறவனின் கை எதற்குப் பழகுகிறது என்பதே என் கவலை.

பட்டியல் வைத்திருக்கும் பதிப்பாளர் தம் எழுத்தாளரை இதிலிருந்து காப்பாற்ற முடியும். நூல் வந்தால் முதல் வாரத்தில் நூறு பிரதி போகும் என்று தெரிந்தவருக்கு, எழுத்தாளரின் பின்தொடர்வோர் எண்ணிக்கை தேவையில்லை, சண்டையும் தேவையில்லை. 'நீங்கள் எழுதுங்கள், நான் விற்கிறேன்' என்று அவரால் சொல்ல முடியும். பதிப்பாளர் என்ற சொல்லுக்கு அதுதான் பொருள் என்று நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

1977 முதல் நடந்துவரும் புத்தகக் காட்சி அடுத்த ஜனவரியிலும் நடக்கும். அரங்கின் முன் நின்று எழுத்தாளரோடு படம் எடுத்துக்கொள்ளக் கூட்டம் நிற்கும். அந்தப் படங்கள் அன்றிரவே ஏறும், இதயங்கள் குவியும். அரங்கில் ரசீது போடும் மேசைமேல் ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் இருந்தால் போதும். ரசீது போடுபவர் தலை நிமிர்ந்து, 'உங்கள் பெயர், ஊர், எண் எழுதுகிறீர்களா? இதே போன்ற நூல் வரும்போது மட்டும் சொல்கிறோம்' என்று கேட்க வேண்டும். பத்துப் பேரில் மூவர் எழுதினால் நல்ல அறுவடை. காட்சி முடிந்து பந்தலைப் பிரிக்கும் நாளில், விற்ற தொகையை எண்ணுவதற்கு முன்பு, அந்த நோட்டில் எத்தனை பக்கம் நிரம்பியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கட்டும்.